தாத்தாக்கள் ஆட்டம்: கேலியா, மரியாதையா?

சிகாகோவில் படிக்கும் உங்கள் மகள் பள்ளி விழாவுக்காக ஒரு மெக்சிகோ நாட்டுப்புற நடனம் கற்றுக்கொள்கிறாள். கூன் விழுந்த முதுகு, கைத்தடி, பல்லில்லாமல் சிரிக்கும் இளஞ்சிவப்பு முகமூடி. ஒத்திகை வீடியோவைப் பார்த்த உங்கள் மாமியார், "வயசானவங்கள இப்படியா நக்கல் பண்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் இதை நெருப்புக் கடவுளுக்கு ஆடிய ஆயிரம் ஆண்டு பழைய சடங்கு என்கிறது, இன்னொரு பக்கம் ஸ்பானியரைக் கிண்டல் செய்ய வந்தது என்கிறது. "இதன் வரலாறு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது மாமியாரிடம் என்ன சொல்வது என்பதுதான். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் நாட்டார் வழக்காற்றியல் படித்தவன். அப்புறம் ஸ்பானிஷ் கற்று, முகமூடி ஆட்டங்களைப் பார்ப்பதற்காகவே இரண்டு குளிர்காலங்கள் மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இருந்தேன். ஸ்பானிஷில் சரளமாகப் பேசுவேன். அந்தப் பகுதி மக்களின் சொந்த மொழியான புரேபெச்சாவில் வணக்கம், நன்றி, 'போதும், வயிறு நிறைந்துவிட்டது' என்ற அளவோடு சரி. அதனால் கிராமத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்கு எட்டியதில்லை. அவர்கள் எனக்காக ஸ்பானிஷில் சொன்னதைத்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர். ஸ்பானிஷில் இதை 'தான்சா தே லோஸ் விஎகீத்தோஸ்' என்பார்கள். ஆங்கிலத்தில் இதைச் 'சின்னக் கிழவர்கள் நடனம்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் பலருக்கும் ஏதோ குள்ளர்களின் ஆட்டம் என்று தோன்றிவிடுகிறது. ஸ்பானிஷில் அந்த 'ஈத்தோ' ஒட்டு உயரத்தைக் குறிக்கவில்லை, பிரியத்தைக் குறிக்கிறது. 'விஎகோ' என்றால் கிழவன். 'விஎகீத்தோ' என்றால் நாம் வாஞ்சையோடு 'தாத்தா' என்கிறோமே, அந்தத் தொனி. ஆகவே நான் இதைத் 'தாத்தாக்கள் ஆட்டம்' என்றே சொல்வேன். மாமியாரிடம் முதலில் இந்தப் பெயரைச் சொல்லிப்பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆடுகிறவர்கள் புரேபெச்சா மக்கள். ஸ்பானியர் வருவதற்கு முன் மேற்கு மெக்சிகோவில் அவர்களுக்குத் தனி அரசு இருந்தது. தலைநகர் ஏரிக்கரையிலேயே, சின்சுன்சான் என்ற ஊரில். மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் படையெடுத்துப் பார்த்தும் பிடிக்க முடியாத அரசு அது. கடைசி அரசரை ஸ்பானியர் 1530இல் கொன்றார்கள். மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,40,000 பேர் பேசினார்கள். உலகில் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. அந்த மொழியில் அப்பாவையும் பெரியவரையும் 'தாதா' என்பார்கள். சூரியன்கூட அவர்களுக்குத் 'தாதா'தான், நிலவு 'நானா', அதாவது அம்மா. ஊரில் மூத்தவரைத் 'தாதா கேரி' என்பார்கள். கேரி என்றால் பெரிய. நேராகப் பெயர்த்தால் நம் 'பெரியப்பா'. இதைக் கேட்டதும் குமரிக்கண்டத்திலிருந்து கப்பல் விட ஆரம்பித்துவிடாதீர்கள். தா-தா, மா-மா, நா-நா எல்லாம் உலகெங்கும் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள், அவ்வளவுதான்.

இனி ஆட்டம். ஒரு ஜனவரி மாலையைச் சொல்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்பதால் வெயில் சாய்ந்ததும் குளிர் எலும்பைத் தொடும். தேவாலயத்துக்கு முன்னால் கல் பாவிய முற்றம். ஒரு வயலின், ஒரு சின்ன கிதார், ஆளுயரத்துக்குப் பாஸ் என்ற ஒரு பெரிய வயலின். இருட்டிலிருந்து வரிசையாகச் சில உருவங்கள் வருகின்றன. வெள்ளைப் பருத்திச் சட்டை, கணுக்கால் பக்கம் பூவேலை செய்த வெள்ளைக் கால்சட்டை, தோளில் கம்பளி, தலையில் வண்ண ரிப்பன்கள் தொங்கும் ஓலைத் தொப்பி. ஒரு கை இடுப்பின் பின்னால், மறுகை கைத்தடியில். தடி நடுங்குகிறது. கவனியுங்கள், கை நடுங்கவில்லை, தடிதான் நடுங்குகிறது. நல்ல ஆட்டக்காரரை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இருமல், முனகல், நடுவில் நின்று முதுகை நிமிர்த்திப் பார்ப்பது. கூட்டத்தில் குழந்தைகள் சிரிக்கத் தொடங்குகிறார்கள்.

பிறகு வயலின் இறுகுகிறது. அந்தக் கிழவர்கள் திடீரென்று தரையை மிதிக்க ஆரம்பிக்கிறார்கள். செருப்பின் அடிப்பாகம் மரம். கல் தரையில் மரம் படும் சத்தம் படபடவென்று சுவரில் மோதித் திரும்பி வருகிறது. தாளம் ஆறு எண்ணிக்கை. அதை ஒருமுறை மும்மூன்றாகவும் மறுமுறை இரண்டிரண்டாகவும் பிரித்துப் பிரித்து மிதிப்பார்கள். திஸ்ரத்துக்குப் பழகிய நம் காதுக்கு முதலில் சுகமாக இருக்கும், பிறகு காலை வாரிவிடும். உச்சத்தில் ஒருவர் தடுமாறி விழுவார். மற்றவர்கள் தூக்கி, தூசு தட்டி, நிற்கவைப்பார்கள். மறுபடி நடுக்கம், மறுபடி இருமல், மறுபடி மிதி. ஓரிடத்தில் முன்னால் இருப்பவரின் தடியைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொண்டு ரயில்போல் ஓடுவார்கள். கடைசிப் பெட்டி எப்போதும் கழன்றுவிடும். கழன்றுவிழும் அந்த ஆள்தான் குழுவிலேயே தேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். தாளம் தப்பாமல் தப்புவதைப்போல் கஷ்டமான வேலை கிடையாது.

ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களின் வியர்வை முகம். மாமியார் வீடியோவில் பார்க்காமல் விட்டது இதைத்தான். கிழவரைக் கிழவராகக் காட்டி நிறுத்தியிருந்தால் அது கேலி. இங்கே கிழவருக்குள்ளிருந்து ஓர் இளங்கால் எட்டிப்பார்க்கிறது. தாத்தாவுக்குள் இன்னும் அந்தக் கால் இருக்கிறது என்று பேரன் ஆடிக்காட்டுகிறான். அதே சமயம் பேரனுக்கும் அந்த முதுகு ஒருநாள் வரும். கூட்டத்தில் அதிகம் சிரிப்பது யார் என்று நான் இரண்டு வருஷமும் பார்த்தேன். முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த நிஜத் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து, "உன்னைத்தான் ஆடுறான் பார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிராமங்களில் மூத்தவர் என்பது வெறும் வயது இல்லை. திருவிழாச் செலவு, சாமி சிலையைப் பராமரிப்பது, ஊர்ப் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சுமந்து முடித்தவருக்குத்தான் அந்த இடம். 1540 வாக்கில் பிரான்சிஸ்கன் துறவி ஹெரோனிமோ தே அல்காலா எழுதிய 'மிச்சோவாகான் விவரம்' என்ற கையெழுத்துப் பிரதியில், தலைமைப் பூசாரி ஒருவர் ஊரைக் கூட்டி நிறுத்தி முன்னோர் வரலாற்றைச் சொல்லும் காட்சி வருகிறது. ஊரின் நினைவைச் சுமப்பவராக ஒரு மூத்தவர் நிற்பது அங்கே பழைய வழக்கம். இன்றைய ஆட்டம் அந்தப் பூசாரியிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. கிழவர் வேடத்துக்கு அந்த ஊரில் ஏன் இத்தனை கனம் இருக்கிறது என்பது மட்டும் இதிலிருந்து புரியும்.

இப்போது அந்த 'ஆயிரம் ஆண்டு' விஷயம். நெருப்புக் கடவுள் கதையில் பலரும் வேவேதேயோத்ல் என்ற கிழட்டுக் கடவுளின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் நாவாட்ல் மொழிப் பெயர், அஸ்டெக் பக்கத்துச் சொல். புரேபெச்சாக்களின் நெருப்புக் கடவுள் குரிகாவேரி. பெயரையே பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துவந்து ஒட்டும் கட்டுரைகளை நான் அதற்குமேல் படிப்பதில்லை. மேலே சொன்ன அதே கையெழுத்துப் பிரதியில் கடவுள்களையும் திருவிழாக்களையும் விவரிக்கும் முதல் பாகம் இருந்தது. அதில் ஒரே ஒரு தாள்தான் தப்பியிருக்கிறது, மிச்சம் தொலைந்துபோனது. எந்தப் பாகம் இருந்தால் இந்தக் கேள்வி தீர்ந்திருக்குமோ, அதுவேதான் இல்லை. ஆகவே "புரேபெச்சா கோயில்களில் இதே ஆட்டம் ஆடப்பட்டது" என்று உறுதியாக எழுதுபவர் எவரும் ஊகத்தைத்தான் எழுதுகிறார்.

ஊகமே தவறு என்றும் தள்ளிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தியேகோ துரான் என்ற துறவி, மத்திய மெக்சிகோவின் பழைய ஆட்டங்களைப் பட்டியலிடும்போது, கூன்கிழவர் முகமூடி போட்டு ஆடும் ஒன்றைக் குறிப்பிட்டு, அது மிகவும் சிரிப்பூட்டுவது என்று எழுதியிருக்கிறார். ஆனால் அது நாவாட்ல் பேசுகிறவர்கள் பகுதி. கிழவரை ஆடிக்காட்டிச் சிரிக்கும் பழக்கம் அந்த நிலப்பரப்பில் பழையது என்பது வரை இதை நம்பலாம். அங்கிருந்து இன்றைய ஏரிக்கரை ஆட்டத்துக்கு நேராகக் கோடு போடுவது வேறு விஷயம்.

நான்கு ஆட்டக்காரர்கள், நான்கு திசை, நான்கு பருவம், நான்கு நிறச் சோளம் என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. உங்கள் மகளின் ஆசிரியரும் இதைச் சொல்லியிருக்கலாம். திசைகளைப் பற்றிய நம்பிக்கை புரேபெச்சாக்களிடம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு பருவம்? அந்த மேட்டுநிலத்து உழவரிடம் கேட்டால் பருவம் இரண்டுதான் என்பார். மழைக்காலம் ஒன்று, வறண்ட காலம் ஒன்று. வசந்தமும் இலையுதிர்காலமும் பள்ளிப் பாடப்புத்தகம் வழியாக வந்தவை. போதாததற்கு, கிராமத்தில் நான் பார்த்த குழுக்கள் நான்கோடு நின்றதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். ஹோட்டல் முற்றங்களில்தான் நான்கு பேர் கச்சிதமாக நிற்பார்கள், இடமும் சம்பளமும் அவ்வளவுதான்.

ஸ்பானியரைக் கிண்டல் செய்வதாகச் சொல்லும் விளக்கத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள எனக்கு மனமில்லை. முகமூடியின் நிறத்தைப் பாருங்கள். ரோஜா நிறக் கன்னம், சில சமயம் நீலக் கண்கூட. அது புரேபெச்சா முகம் இல்லை. ஆடுகிறவர்களில் சிலர் என்னிடமே, "அது வெள்ளைக்காரக் கிழவன், சீக்கிரம் களைத்துப்போவான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதே அதற்காகத்தான் என்பதற்கு இது சான்று ஆகாது. முகமூடி செதுக்குபவர்களும் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுபவர்களும் ஒரே கைவினை மரபில் வந்தவர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். புனிதர் முகத்துக்குப் பூசிய அதே இளஞ்சிவப்பு கிழவர் முகத்துக்கும் போயிருக்கலாம். என் கணிப்பு, சிரிப்பு முதலில் இருந்தது, ஸ்பானியர் அதில் பிற்பாடு மாட்டிக்கொண்டார்கள். இது கணிப்பு மட்டுமே.

முகமூடி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏரிக்கரையில் டோக்குவாரோ என்ற ஊரில் பல வீடுகளில் முகமூடி செதுக்குவார்கள். அதற்கு எடுக்கும் மரங்களில் ஒன்று, நம் ஊரில் வெற்றிலைக் கொடிக்கு வைக்கும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது. சிவப்புப் பூ, கையில் எடுத்தால் கனமே தெரியாத கட்டை. முகத்தில் ஒருமணி நேரம் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் அல்லவா, கனமான மரம் உதவாது. தலைமுடிக்குக் கற்றாழை நார். நான் வாங்கிய முகமூடியில் வாய்க்குள் ஒரே ஒரு பல் இருந்தது. "ஏன் ஒன்று?" என்று கேட்டேன். "சோளத்தைக் கடிக்க ஒன்றாவது வேண்டாமா?" என்றார் செதுக்கியவர்.

உறுதியாகச் சொல்லக்கூடிய வரலாறு 20ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது, எனக்கு அதுதான் ரொம்பச் சுவாரசியம். மெக்சிகோ புரட்சி ஓய்ந்தபின் 1921இல் கல்வி அமைச்சகம் அமைந்தது. ஹோசே வாஸ்கோன்செலோஸ் தலைமையில் அது நாட்டுக்கென்று ஒரு பொதுக் கலையைத் தேடியது. இசையமைப்பாளர் பிரான்சிஸ்கோ தொமிங்கெஸ் போன்றவர்கள் ஏரிக்கரைக்கு வந்து பாட்டும் ஆட்டமும் சேகரித்தார்கள். ஹராக்குவாரோ என்ற ஊரில் அவர்களுக்குக் கிடைத்தவர் நிக்கோலாஸ் பார்த்தோலோ ஹுவாரெஸ் என்ற இசைக்கலைஞர். அவர் வழியாக ஊர் ஆட்டம் 1920களின் நடுவில் மெக்சிகோ நகர மேடைக்குப் போனது. பின்னால் அதே ஊர்க்காரர் ஹெர்வாசியோ லோபெஸ் அதைப் பல்லாண்டுகள் ஆடியும் வாசித்தும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1934இல் அதிபரான லாசரோ கார்தேனாஸ் இந்த மாநிலத்துக்காரர். பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றுலா இடமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. அப்புறம் நாட்டுப்புற நடனக் குழுக்கள், பள்ளிக்கூடங்கள், எல்லை தாண்டி சிகாகோ வரை. உங்கள் மகள் கற்பது பெரும்பாலும் இந்த ஹராக்குவாரோ வடிவம்தான். ரிப்பன் தொப்பிக்கும் ஊரோடு தொடர்பு உண்டு, ஓலைத் தொப்பி பின்னுவது ஹராக்குவாரோவின் தொழில். அது முன்பு தீவாக இருந்த ஊர். ஏரி வற்றி வற்றி இப்போது கால் நனையாமல் போய்வரலாம்.

"அப்படியென்றால் இது அரசாங்கம் செய்த போலி" என்று சிலர் முடிவுகட்டுவார்கள். அதுவும் அவசரம். மேடைக்குப் போன ஆட்டம் ஊரில் நின்றுபோகவில்லை. கிறிஸ்துமஸில் தொடங்கி, மூவரசர் திருநாளான ஜனவரி 6ஐத் தாண்டி, பிப்ரவரி 2 வரை நீளும் பருவத்தில் குழந்தை இயேசுவின் முன்னால் அது இன்னும் நேர்த்திக்கடனாகவும் கடமையாகவும் ஆடப்படுகிறது. மலைப்பக்கத்து ஊர்களில் கிழவர் வேடமே வேறுமாதிரி இருக்கும். பாரிகுத்தின் எரிமலை 1943இல் வெடித்துப் பழைய சான் ஹுவான் ஊரை மூடியபிறகு, மக்கள் இடம்பெயர்ந்து கட்டிய சான் ஹுவான் நுவேவோவில் ஜனவரி 8 அன்று 'குர்பித்தேஸ்' ஆட்டம் நடக்கும். அங்கே வேடம் பளபளக்கும், குழுக்களுக்குள் போட்டி கடுமையாக இருக்கும், கிழவர் அதில் ஒரு பாத்திரம். ஏரிக்கரைத் தாத்தாவை மட்டும் பார்த்துவிட்டு 'புரேபெச்சா ஆட்டம் இதுதான்' என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டு சின்னத் திருத்தங்கள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளன்று சுற்றுலாப் பயணிகளுக்காக இந்த ஆட்டத்தை நடத்துவார்கள், அதைப் பார்த்துவிட்டு இதைச் சாவுச் சடங்கோடு முடிச்சுப் போடுகிறார்கள். இதன் சொந்தக் காலம் கிறிஸ்துமஸ் பருவம். அடுத்து, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது இந்த நடனம் என்று நீங்கள் படித்தது தவறு. 2010இல் சேர்ந்தது 'பிரேக்குவா' எனப்படும் புரேபெச்சாப் பாட்டு. அதிலும் தங்களைக் கேட்காமல் சேர்த்தார்கள் என்று பாடகர்கள் பலர் கோபப்பட்டார்கள்.

சரி, மாமியார் விஷயம். இது கேலிதான், மறைக்க வேண்டாம். ஆனால் வெளியாள் செய்யும் கேலி இல்லை. பேரன் தாத்தாவை, தாத்தா எதிரிலேயே, தாத்தா சிரிக்கச் சிரிக்கச் செய்யும் கேலி. அந்த உரிமை உறவுக்குள்தான் கிடைக்கும். உங்கள் மகளுக்கு அந்த ஊரோடு உறவில்லை என்பது நியாயமான தயக்கம். சிகாகோவில் மிச்சோவாகான் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. அவள் வகுப்பிலேயே ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை ஒத்திகைக்கு அழைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பொதுவாகச் சந்தோஷமாக வருவார்கள், திருத்தவும் செய்வார்கள். முன்பு ஆண்கள்தான் ஆடினார்கள், இப்போது அங்கேயே சிறுமிகளும் ஆடுகிறார்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

கிழட்டு நடையை யூடியூபில் பார்த்துக் கற்கவேண்டாம். உங்கள் மாமியார் படியேறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறார் என்று அவரிடமே கேட்டுக் கற்கட்டும். முகமூடிக்கு ரப்பர் வளையம் போடாதீர்கள், குதிக்கும்போது நழுவிக் கண்ணை மறைக்கும். தாடைக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துக் கட்டி, அதன்மேல் முகமூடியைக் கட்டுவதுதான் அங்கே வழக்கம். கண்துளை சின்னது, தரை தெரியாது, அதனால் ஒத்திகையை முகமூடியோடு நான்கு நாளாவது செய்யட்டும். தடி அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரம் போதும். உயரமான தடி கொடுத்தால் கூன் தானாக நிமிர்ந்துவிடும்.